விரல் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, உடல் முழுக்கச் சிவப்பு: ஒரு சோரியாசிஸ் நிகழ்வு ஆய்வு

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் கூலிக்குத் தறி ஓட்டும் 46 வயதுக்காரரைப் பற்றியது இது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் கோவையில் தோல் மருத்துவராக இருக்கிறேன். தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும் சோரியாசிஸ் எங்கள் புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் பார்ப்பதுதான். இவரைப் பற்றித் தனியாக எழுதக் காரணம் உண்டு. இவருடைய தோலுக்கு ஒரு வைத்தியம், விரலுக்கு ஒரு வைத்தியம், யூரிக் அமிலத்துக்கு ஒரு வைத்தியம் என்று தனித்தனியாக நடந்தது. மூன்றுக்கும் அடியில் இருந்த அழற்சி ஒன்றே. அதைச் சேர்த்துப் பார்க்காததால் வந்த வினையைத்தான் நாங்கள் ஆடி மாதத்தில் படுக்கையில் பார்த்தோம்.

## பின்னணி

வீட்டை ஒட்டிய குடோனில் எட்டுத் தறி. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடையும் கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. கணவனும் மனைவியும் மாறி மாறித் தறி பார்க்கிறார்கள். சம்பளத்துக்கு ஒரே ஓர் ஆள்.

தோல் தொந்தரவு தொடங்கிப் பதினோரு வருடம். முதலில் தலையில் பொடுகு என்றுதான் நினைத்திருக்கிறார். அப்புறம் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் வெள்ளைச் செதிலோடு சிவந்த படைகள் வந்தன. தறிச் சட்டத்தில் இடித்துக்கொண்ட இடமெல்லாம் சில வாரத்தில் படையாக மாறுகிறது என்று அவரே கவனித்துச் சொன்னார். காயம் பட்ட இடத்தில் புதிதாகப் படை கிளம்பும் இந்தக் குணத்தை 19-ஆம் நூற்றாண்டிலேயே கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. இவருடைய அப்பாவுக்கும் காலில் 'படை' இருந்ததாம். யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ட்யூப் ஒன்றைப் பல வருடம் தடவியிருக்கிறார். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்த வகை. தடவினால் அடங்கும், நிறுத்தினால் கிளம்பும். இடையில் ஒரு சித்த மருத்துவரிடம் வெட்பாலைத் தைலம் வாங்கித் தேய்த்ததில் செதிலும் அரிப்பும் நன்றாகவே குறைந்தன என்றார். அதை நான் மறுக்கவில்லை. எண்ணெய்ப் பசை இருந்தாலே செதில் இளகும், வெட்பாலைக்கு அதற்கு மேலும் குணம் இருக்கலாம். ஆனால் மூட்டுக்குள் நடப்பதை எந்தத் தைலமும் தொடாது.

ஒறம்பரை வீட்டு விசேஷங்களுக்குப் போவதை அவர் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். "பந்தீல பக்கத்துல உக்கார்ற ஆளு எந்திரிச்சுப் போனா என்னங்க பண்றது?" என்று கேட்டார். தொற்றாத நோய் இது. தொட்டாலும் வராது, ஒரே இலையில் சாப்பிட்டாலும் வராது. பதினோரு வருடத்தில் அதை அவருக்கு யாரும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டும் பழக்கமாகிவிட்டன. அந்த முழுக்கைச் சட்டைக்கு இந்த நிகழ்வில் ஒரு பங்கு உண்டு.

சர்க்கரை ஆறு வருடமாக இருந்தது, மெட்ஃபார்மின் எடுத்துவந்தார். ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால். பீடி உண்டு. சனிக்கிழமைகளில் குடி. எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 108 சென்டிமீட்டர்.

## விரல் வீக்கம்

எங்களிடம் வருவதற்கு நாலு மாதம் முன்பு இடது மோதிர விரல் அடியிலிருந்து நுனி வரை ஒரே தடிமனாக வீங்கியது. "வெரலு கெழங்காட்ட ஆயிப்போச்சுங்க" என்பது அவர் வார்த்தை. அறுந்த இழையை முடிய முடியவில்லை. பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். யூரிக் அமிலம் 7.6 என்று வந்தது. வாத நீர் வீக்கம், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் கவுட் என்று சொல்லி, அதைக் குறைக்க ஒரு மாத்திரையும், வலி மாத்திரையும், தினம் 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் மூன்று வாரத்துக்குக் கொடுத்தார்கள். சட்டைக் கையை யாரும் மடக்கச் சொல்லவில்லை. இவரும் தோலைப் பற்றிச் சொல்லவில்லை, விரலுக்கும் படைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருக்கிறார்.

இங்கே யூரிக் அமிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சோரியாசிஸில் தோல் செல்கள் அசாதாரண வேகத்தில் பெருகி உதிர்வதால், செல் கருவில் உள்ள பியூரின் சிதைந்து யூரிக் அமிலம் கூடலாம். உடல் பருமனும் அதைக் கூட்டும். ஆகவே இப்படிப்பட்ட ஒருவருக்கு 7.6 என்ற எண் மட்டும் எதையும் நிரூபிக்காது.

பிரெட்னிசோலோன் போட்டதும் விரல் வற்றியது. அதைவிட, தோல் பளிச்சென்று ஆனது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அரைக்கைச் சட்டை போட்டு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் அதே சீட்டைக் காட்டி இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டார். குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அப்புறம் சர்க்கரை 340-ஐத் தொட்டது. இந்த மாத்திரைதான் காரணம் என்று ஒருவர் சொல்ல, அன்றைக்கே ஒரேயடியாக நிறுத்திவிட்டார்.

பத்து நாளுக்குள் மார்பிலிருந்து சிவப்பு பரவத் தொடங்கியது.

## சேர்க்கும்போது கண்டவை

உச்சி முதல் பாதம் வரை, உடல் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிவந்து செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. நடுக்கம், 38.3 டிகிரி காய்ச்சல், நாடித் துடிப்பு 114, ரத்த அழுத்தம் 104/70, இரண்டு காலிலும் வீக்கம். ரத்தத்தில் அல்புமின் 2.8 கிராமுக்கு இறங்கியிருந்தது. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 64. சர்க்கரை 286.

பழைய படைகளின் எல்லை எல்லாம் கரைந்துபோயிருந்ததால் தோலை மட்டும் பார்த்து நோயைச் சொல்வது கடினமாக இருந்தது. நகம்தான் காட்டிக்கொடுத்தது. ஏழு விரல் நகங்களில் குண்டூசி குத்தியது போன்ற குழிகள், இரண்டில் எண்ணெய்க் கறை மாதிரியான மஞ்சள். இடது மோதிர விரல் மறுபடி வீங்கியிருந்தது. தோல் திசு ஆய்வும் சோரியாசிஸை உறுதி செய்தது.

குதிகால் விஷயத்தைச் சொன்னது மனைவி. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார், ஒரு மணி நேரம் ஆகும் சரியாக, அது ஒரு வருடமாகவே உண்டு என்றார். கணவர் அதைத் தறியில் நின்று நின்று வந்த வலி என்று கணக்கில் எடுக்கவே இல்லை. முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் எதிர்மறை. விரல் எக்ஸ்ரேயில் நுனி மூட்டில் எலும்பு லேசாக அரிக்கப்பட்டு, அதன் ஓரத்திலேயே புது எலும்பு துருத்தத் தொடங்கியிருந்தது. அரிப்பும் புது எலும்பும் ஒரே இடத்தில் இருப்பது சோரியாசிஸ் மூட்டழற்சியின் முத்திரை.

## முதல் வாரம்: என்ன செய்தோம், எதைச் செய்யவில்லை

தோல் இவ்வளவு சிவந்திருக்கும்போது ஆபத்து தோலில் இல்லை. ரத்த ஓட்டம் முழுக்க மேலே வந்துவிடுவதால் உடல் வெப்பம் கசிகிறது, நீரும் புரதமும் போகின்றன, இதயம் இரட்டை வேலை செய்கிறது. ஆடிக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சன்னல் ஓரப் படுக்கையிலிருந்து அவரை உள் அறைக்கு மாற்றினோம். சொல்லச் சின்ன விஷயம்தான், அன்று இரவே நடுக்கம் குறைந்தது.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வெள்ளைப் பாரஃபின் களிம்பு, நீர் வரவு செலவுக் கணக்கு, புரதம் கூடின உணவு, சர்க்கரைக்கு இன்சுலின். கிருமித் தொற்று இருக்கிறதா என்று ரத்தக் கல்ச்சர் அனுப்பினோம், எதுவும் வளரவில்லை. இரண்டு மாதம்போல ஸ்டீராய்டு எடுத்து ஒரே நாளில் நிறுத்தியவருக்கு அட்ரீனல் சுரப்பி ஓய்ந்துபோயிருக்கலாம் என்பதால் அது சுரக்கும் கார்டிசாலின் காலை 8 மணி அளவைப் பார்த்தோம். குறைவாக இல்லை. குறைந்திருந்தால் உயிர் காக்கும் அளவுக்கு ஸ்டீராய்டைத் திரும்பக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கும்.

அட்டினோலாலை நிறுத்தினோம். அந்த வகை மருந்துகள் சிலருக்குச் சோரியாசிஸைத் தூண்டும். பின்னர் அழுத்தம் ஏறியதும் அம்லோடிபின் கொடுத்தோம்.

பிரெட்னிசோலோனை மறுபடி கொடுத்தால் நாலு நாளில் வெளுத்துவிடுமே என்று குடும்பத்தார் கேட்டார்கள். வெளுக்கும், உண்மைதான். ஆனால் சோரியாசிஸில் ஸ்டீராய்டு மாத்திரையை விலக்கும்போதுதான் இப்படி உடல் முழுக்கச் சிவப்போ சீழ்க் கொப்புளங்களோ கிளம்பும். அவர் வந்திருப்பதே அந்தக் கதவு வழியாகத்தான்.

## அழற்சி எங்கே இருந்தது

மருந்துத் தேர்வைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொன்னால்தான் அடுத்தது விளங்கும்.

சாதாரணமாகத் தோலின் மேல் அடுக்கில் ஒரு செல் பிறந்து முதிர்ந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். சோரியாசிஸ் படையில் அது மூன்று முதல் ஐந்து நாள். அதனால் ஒரு காலத்தில் இதைத் தோல் செல்லின் கோளாறு என்றே நினைத்திருந்தார்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் பயன்படும் சைக்ளோஸ்போரின் சோரியாசிஸையும் அடக்குகிறது என்று 1979-இல் வெளியானபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. அந்த மருந்தின் முக்கிய இலக்கு டி செல் எனும் நோய் எதிர்ப்புச் செல். அதை அடக்கினால் செதில் நிற்கிறது என்றால், தோல் செல்லை விரட்டுவது வேறு யாரோ.

இன்று தெரிந்த வரை நடப்பது இது. காயமோ தொற்றோ வேறு தூண்டலோ வரும்போது, மரபாகவே அதற்கு வாகான உடம்பில், தோலில் காவல் இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் விழித்துக்கொள்கின்றன. அவை டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-23 ஆகிய சமிக்ஞைப் புரதங்களை வெளியிடுகின்றன. இன்டர்லூக்கின்-23 ஒரு வகை டி செல்களை வளர்த்துவிடுகிறது. அந்த டி செல்கள் இன்டர்லூக்கின்-17-ஐக் கொட்டுகின்றன. அது பட்டதும் தோல் செல்கள் பெருகுகின்றன. பெருகுவதோடு நில்லாமல் தாங்களும் சமிக்ஞை அனுப்பி மேலும் நோய் எதிர்ப்புச் செல்களை அழைக்கின்றன. தூண்டல் போன பிறகும் வட்டம் தானாகச் சுற்றுகிறது. படை ஆறிய இடத்திலும் டி செல்களில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அதே முழங்கையில் அதே அளவில் திரும்ப வருவது அதனால்தான்.

இதே இன்டர்லூக்கின்-23, 17 கூட்டணி தசைநாண் எலும்பில் சேரும் இடங்களிலும் வேலை செய்கிறது. குதிகால் அப்படிப்பட்ட இடம். விரல் முழுக்க வீங்குவதும் மூட்டோடு தசைநாண் உறைகளும் சேர்ந்து அழல்வதால். டி.என்.எஃப். இன்சுலின் வேலையையும் கெடுக்கக்கூடியது. கடுமையான சோரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் மாரடைப்பும் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவருடைய சர்க்கரைக்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வயிற்றுக் கொழுப்பே போதுமான காரணம். ஆனால் அந்தக் கொழுப்பும் அழற்சியை ஊட்டுகிறது.

## மருந்துத் தேர்வு

வேகமாக அடக்குவதற்குச் சைக்ளோஸ்போரின் நல்ல மருந்து. ஆனால் அது ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் தொந்தரவு செய்யும். இவருக்குச் சிறுநீரில் ஏற்கெனவே அல்புமின் கசிவு தெரிந்தது, விட்டுவிட்டோம். இன்னொரு சோரியாசிஸ் மாத்திரையான அசிட்ரெட்டின் மூட்டுக்கு உதவாது, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பையும் ஏற்றும். மேலே சொன்ன சமிக்ஞைப் புரதங்களைக் குறிவைத்துத் தடுக்கும் பயாலஜிக் ஊசிகளைத் தொற்று இல்லை என்று உறுதியாகும் முன் தொடங்க விருப்பமில்லை, விலைக்கும் குடும்பம் தயாராக இல்லை.

மிஞ்சியது மெத்தோட்ரெக்சேட். தோலுக்கும் மூட்டுக்கும் சேர்ந்தே வேலை செய்யும், விலை குறைவு. கல்லீரல் நொதி ஏ.எல்.டி. 58, ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், கூடவே குடி. தயக்கம் இருந்தது. குடியை முழுக்க விடுவது, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை என்ற இரண்டு நிபந்தனையோடு வாரம் 10 மில்லிகிராமில் தொடங்கி 15-க்கு ஏற்றினோம். இன்னொரு நாளில் ஃபோலிக் அமிலம்.

வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய இந்த மாத்திரையைத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும். எனவே கிழமையைச் சீட்டில் எழுத்தால் எழுதுவது எங்கள் வழக்கம். திங்கள் என்று எழுதப் போனேன். மனைவி தடுத்தார். "சனிக்கெழமையே வெச்சுக் குடுத்துருங்க. அன்னிக்குத்தானுங்க கூலி வரும், குடிக்கப் போறதும் அன்னிக்குத்தான். மாத்தர போட்டா ஆகாதுன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க." எந்தக் கிழமையும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சனி என்றே எழுதினேன். எங்கள் ஆலோசனைக் குறிப்பை விட அது நன்றாக வேலை செய்தது.

## அதற்குப் பின்

ஆறாவது வாரத்தில் சிவப்பு உடல் பரப்பில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது, நாலாவது மாதத்தில் எட்டு. சி.ஆர்.பி. 64-லிருந்து 19. தோலைப் பொறுத்தவரை அவருக்குத் திருப்தி. ஆனால் விரல் வற்றவில்லை, குதிகால் வலி பாதிதான் குறைந்தது, இரண்டாவது எக்ஸ்ரேயில் அரிப்பு கொஞ்சம் ஆழமாகியிருந்தது. அதே நேரத்தில் ஏ.எல்.டி. 148-க்கு ஏறியது. குடி நின்றிருந்தது என்று மனைவி உறுதியாகச் சொன்னார். கொழுப்புக் கல்லீரல் இந்த மருந்தைத் தாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டோம். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினோம்.

மூட்டு மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுத்தது இந்தக் கட்டத்தில்தான். காசநோய்க்கான இக்ரா ரத்தப் பரிசோதனை நேர்மறை, மார்பு எக்ஸ்ரே சுத்தம், இருமல் இல்லை. அதாவது கிருமி உடலில் உறங்கிக்கொண்டிருக்கிறது. டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் ஊசிகள் அந்தக் கிருமியை எழுப்பிவிடும் ஆபத்து அதிகம். இன்டர்லூக்கின்-17-ஐத் தடுக்கும் செகுகினுமாபில் அந்த ஆபத்து குறைவு, தோல், மூட்டு இரண்டுக்கும் பலன் உண்டு. விலை ஒத்துவந்திருந்தாலும்கூட டி.என்.எஃப். தடுப்பானை இவருக்கு நான் முதலில் தேர்ந்திருக்க மாட்டேன். கல்லீரல் நொதி இயல்புக்கு வந்ததும் காசநோய்த் தடுப்பு மருந்தைத் தொடங்கி, ஒரு மாதம் கழித்து ஊசியை ஆரம்பித்தோம். குடல் அழற்சி நோய் இருப்பவருக்கு இந்த ஊசி ஆகாது என்பதால் வயிறு பற்றியும் விசாரித்துக்கொண்டோம். முதல் மாதம் வாரா வாரம், அப்புறம் மாதம் ஒன்று, ஒவ்வொரு முறையும் 300 மில்லிகிராம். செலவுக்காக இரண்டு தறிகளை விற்றார்கள்.

ஊசி தொடங்கி நாலாவது மாத முடிவில் முழங்கையில் நிற மாற்றம் தவிர தோலில் எதுவும் இல்லை. விரல் வீக்கமும் குதிகால் வலியும் போயின. சி.ஆர்.பி. 4. நகக் குழி மறைய அதற்கு மேல் ஆறு மாதம் ஆனது. நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தானே வளரும்.

நடுவில் வாய்க்குள் வெள்ளை படர்ந்தது. கேண்டிடா பூஞ்சை. இன்டர்லூக்கின்-17-க்கு உடம்பில் ஒழுங்கான வேலையும் உண்டு. சளிச் சவ்வில் இந்தப் பூஞ்சையை அண்டவிடாமல் பார்ப்பது அதுதான். அதைத் தடுத்தால் இது வரும், சர்க்கரை இருந்தால் இன்னும் சுலபமாக வரும். ஒரு வார மருந்தில் போய்விட்டது.

கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்திவைத்த காலத்தில் பணமில்லாமல் இரண்டு ஊசியைத் தள்ளிப்போட்டார். பழைய முழங்கையில், பழைய வடிவில் படை திரும்பியது. விரல் தப்பியது. மறுபடி ஊசி போட்டதும் அடங்கியது.

இப்போது எடை 77, மூன்று மாதச் சர்க்கரை அளவு 9.1-லிருந்து 7.2. பீடியை இன்னும் விடவில்லை. அரிக்கப்பட்ட எலும்பு அரிக்கப்பட்டதுதான்: நுனி மூட்டு முழுக்க மடங்காது, இழை முடிவதை அந்த விரல் இல்லாமல் பழகிக்கொண்டார்.

## எதை மாற்ற வேண்டும்

சோரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு வரை மூட்டழற்சி வரலாம், பெரும்பாலோருக்குத் தோல் நோய் வந்து பல வருடம் கழித்து. ஆகவே தோலுக்கு வருகிறவரிடம் ஐந்து கேள்வி: மூட்டு எப்போதாவது வீங்கியதா, மூட்டழற்சி என்று யாராவது சொன்னார்களா, நகத்தில் குழி உண்டா, குதிகால் வலித்ததா, ஒரு விரல் காரணமில்லாமல் முழுக்க வீங்கியதா. இவற்றைத் தமிழில் அச்சிட்டுப் பதிவுச் சீட்டோடு கொடுக்கிறோம். கூட வருகிறவரையும் கேட்கிறோம், காலையில் எப்படி நடக்கிறார் என்று வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மறுபக்கமும் வேண்டும். ஒற்றை விரல் வீக்கத்தோடு வருகிறவருக்கு யூரிக் அமிலம் எழுதும் முன்பு சட்டைக் கையை மடக்கி, துண்டை எடுத்து, காதுக்குப் பின்னாலும் தொப்புளிலும் நகத்திலும் ஒரு பார்வை. இரண்டு நிமிட வேலை. பொது மருத்துவர்களோடு நடந்த கூட்டமொன்றில் இந்த நிகழ்வைப் பெயரில்லாமல் வைத்தபோது, பலருக்குப் புதிதாகத் தெரிந்தது நோய் அல்ல, யூரிக் அமிலம் இப்படியும் ஏறும் என்பதுதான்.

பிரெட்னிசோலோன் அட்டவணை எச்-இல் உள்ள மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. இவரிடம் சீட்டு இருந்தது, பழைய சீட்டு. எனவே ஸ்டீராய்டு எழுதும்போது எத்தனை நாள், எந்த நாளிலிருந்து எவ்வளவு குறைப்பது என்பதை எழுத்தால் எழுதி, கீழே 'மறுபடி கொடுக்க வேண்டாம்' என்று முத்திரை வைக்கிறோம். சோரியாசிஸ் உள்ளவர்களின் வெளியேற்றக் குறிப்பில், தோல் மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ தர வேண்டாம் என்ற வரியையும் சேர்த்திருக்கிறோம். முத்திரை வைத்த சீட்டுக்கும் மாத்திரை வாங்கி வந்த ஒருவரைப் போன மாதம் பார்த்தேன். அந்தக் கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேச வேண்டியிருக்கிறது.